படி துடைத்தவளை யாரும் கூப்பிடவில்லை

ஜூன் 6

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடைக்காரம்மா எழுதுவது. நீ கேட்டதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். ஆற்றுப் பாலம் திறந்த வருஷம் அது. அந்த வருஷம்தான் கோர்ட் ஹாலில் முதல் மின்விசிறி மாட்டினார்கள். அதே வருஷம் பெய்த மழையில் ரெக்கார்டு ரூம் கூரை ஒழுகி, பழைய கேஸ் கட்டெல்லாம் கூழாகப் போயிற்று. என் தங்கைக்கு நீ பிறந்ததும் அந்த வருஷம்தான். நான் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலியாகி அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியாத ஆள் எப்படி சாட்சிப் பெயர்களைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டிருந்தாய். காலையில் குமாஸ்தா பட்டியலை ஒருமுறை வாசிப்பார். இருபது பேர் என்றாலும் முப்பது பேர் என்றாலும் அந்த ஒரு தடவை போதும். தாளைச் சும்மா ஒரு மரியாதைக்குக் கையில் வைத்திருப்பேன். அந்த வருஷம் மாற்றலாகி வந்த ஜட்ஜ் ஐயா, மேஜையில் இருந்து எட்டிப் பார்த்து, "தாளைத் தலைகீழா பிடிச்சிருக்கீரே" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் தாளைத் திருப்பாமலே பதினோரு பெயரையும் வரிசை தப்பாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இனிமே இவரைத் திருத்த வேண்டாம்" என்று குமாஸ்தாவிடம் சொன்னார்.

ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஹால் வாசலில் ஒன்று, மாடிப்படித் தலைப்பில் ஒன்று, கீழே இறங்கிப் போய் வெளிக்கேட்டில் ஒன்று. அப்புறம்தான் "ஆள் இல்லை" என்று சொல்லலாம். அதுதான் முறை.

உனக்குப் போன் போட்டால் காதில் கொசு பாடுவது போலத்தான் இருக்கிறது. அதனால் கடிதமே எழுது. ஜெராக்ஸம்மா என் காதருகே உரக்கப் படிக்கிறார். தெருவுக்கே உன் செய்தி தெரிந்துவிடுகிறது. பழக்கடைக்காரர் உன் சளி போயிற்றா என்று கேட்கிறார். வேளைக்குச் சாப்பிடு.

கட்டைவிரல் வைக்கும்,
மாமா

(டீச்சர், பெரியவருக்கு முழங்கால் வீக்கம் இருக்கிறது. எழுத வேண்டாம் என்றார். எழுதிவிட்டேன். - ஜெராக்ஸம்மா)


ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் நலம். சளி போய்விட்டது என்று பழக்கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். முழங்காலை மறைக்கப் பார்த்தீர்களே, ஜெராக்ஸம்மா இருக்கும்வரை அது நடக்காது.

என் வகுப்பைப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். டயர் கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீள அறை. கீழே காற்றடிக்கும் சத்தம் வரும்போதெல்லாம் நான் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். பதினொரு பேர் படிக்கிறார்கள், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நர்ஸ், ஒரு பேருந்து ஓட்டுநர், ரொட்டி சுடுகிற ஒருவர் (அவர் சட்டைக் கையில் எப்போதும் மாவு), இப்படி. ஆங்கிலத்தில் நன்றாகவே பேசுவார்கள். இது அதற்கும் மேற்பட்ட வகுப்பு. எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். "செய்திருக்கலாம்", "செய்திருக்கவே முடியாது", "நிச்சயம் செய்திருப்பான்" என்பதெல்லாம் ஆங்கிலத்தில் எப்படி வரும் என்பது பாடம்.

அதற்கு ஒரு கொலைக்கதையிலிருந்து ஒன்றரைப் பக்கம் எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஒருவர் காலை பத்து மணிக்கு நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். மேஜையில் பாதி குடித்த காபி. மாடியில் மூன்று பேர்: வயலின் வாத்தியார், மருந்துக்கடை விற்பனையாளர், செத்தவரின் தம்பி மகன். மூவருமே, "காலையிலிருந்து நான் கீழே இறங்கவே இல்லை" என்கிறார்கள். போலீஸ்காரர் மூவரையும் மாற்றி மாற்றிக் கேட்கிறார். அங்கே பக்கம் முடிகிறது.

புத்தகத்தில் உள்ளதற்கு நீல மை, நாமாக நினைப்பதற்குப் பென்சில் என்று கோடு போடச் சொன்னேன். எல்லார் தாளும் பென்சிலாகவே போயிற்று. ஓட்டுநருக்கு மருந்துக்கடைக்காரன் மேல் சந்தேகம். விஷம் அவன் கையில்தானே என்கிறார். ரொட்டிக்காரர் வயலின் வாத்தியாரை விடமாட்டேன் என்கிறார். ஏன் என்று கேட்டால், "நானும் ரெண்டு வருஷம் வயலின் கத்துக்கிட்டேன் டீச்சர்" என்கிறார்.

முழுப் பக்கத்தையும் தமிழில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முப்பத்தாறு வருஷம் கோர்ட்டில் நின்றவர் நீங்கள். யார் செய்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு என் அன்பு.

வாலு


ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். வீக்கம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி பிடிவாதமாக இருக்கிறது, உன் அம்மாவைப் போல.

கதையை ஜெராக்ஸம்மா மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை வாசிக்கும்போது கடைக்கு வந்த இரண்டு பேர் நகல் எடுக்க வந்ததை மறந்துவிட்டு நின்று கேட்டார்கள். அவர்களும் மருந்துக்கடைக்காரன் கட்சிதான்.

யார் செய்தது என்று எனக்குத் தெரியாது அம்மாடி. நான் ஆளைக் கூப்பிடுகிறவன், தீர்ப்பு சொல்கிறவன் இல்லை. ஆனால் எனக்கு ஒரு பழக்கம். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டேன், யார் வரவில்லை என்றுதான் பார்ப்பேன். உன் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி வருகிறது: "துடைக்கும் பெண் ஒன்பதரைக்கு மாடிப்படியைத் துடைத்துவிட்டுப் போனாள்." அவ்வளவுதான். அவளுக்கு முகம் இல்லை, வயது இல்லை, பேச்சு இல்லை. போலீஸ்காரர் வயலின்காரரை நான்கு கேள்வி கேட்கிறார். இவளை ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதரைக்குத் துடைத்த படி பத்து மணிக்குக் காய்ந்தா இருக்கும்? யார் இறங்கினாலும் தடம் விழும். இறங்கியவனையே அவள் பார்த்தும் இருக்கலாம். அந்த வீட்டில் அன்று கண்ணைத் திறந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான். அவளை யாராவது கூப்பிட்டார்களா என்று உன் வகுப்புப் பிள்ளைகளைக் கேள்.

எனக்கு இது எப்படித் தோன்றியது என்று கேட்காதே. சாட்சி வந்தும் கூப்பிடாமல் போன வழக்கு ஒன்று எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால் என்னை இப்போது உட்கார வைத்திருக்கிற நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவாய். எனக்கு இருக்கிறது நீ ஒருத்தி. அந்த நாற்காலியும் உன் வீட்டில்தான் இருக்கிறது.

சரி, அதை விடு. வெயிலில் அலையாதே.

கட்டைவிரலோடு,
மாமா


ஜூலை 15

அன்புள்ள மாமாவுக்கு,

நலம்தானே? நான் நலம், ரொம்பவே நலம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களையும் ஆங்கிலமாக்கி வகுப்பில் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் ரொட்டிக்காரர் தன் தாளை எடுத்து, பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார். ஓட்டுநர், "ஒன்றரைப் பக்கத்தை நாலு தடவை படிச்சேன் டீச்சர், அந்த அம்மா என் கண்ணுலயே படல" என்றார். நான் மட்டும் என்ன? நானும் அந்த வரியைத் தாண்டித்தான் போயிருந்தேன். பாடம் தயாரித்தவளே நான்தான்.

இப்போது வகுப்பில் உங்களுக்கு "மூணு தடவை மாமா" என்று பெயர். யாராவது அவசரப்பட்டு ஒரு பதில் சொன்னால் மற்றவர்கள், "மூணு தடவை கூப்பிட்டியா?" என்கிறார்கள். வெள்ளைப் பலகையின் மூலையில் அதை எழுதியே வைத்திருக்கிறோம்.

கடைசியில் நர்ஸ் கையை உயர்த்தினார். அவர் அதிகம் பேசமாட்டார், பேசினால் நேராகப் பேசுவார். "உங்க மாமா அவ்வளவு வருஷம் அங்க நின்னாரே, தப்பு செய்யாத ஒருத்தருக்குத் தண்டனை கெடைச்சதைப் பார்த்திருக்காரா?" என்று கேட்டார். மாமா அதைச் சொல்ல மறுக்கிறார், ஆனால் நான் கேட்டால் சொல்வார் என்று பெருமையடித்துவிட்டேன்.

சொல்லுங்கள் மாமா. உங்களை நாற்காலியிலிருந்து இறக்க யாரால் முடியும்? மூன்று தடவை கூப்பிடாமல் நீங்கள் திரும்பியதே இல்லையே.

அன்போடு,
வாலு


ஆகஸ்ட் 20

அன்புள்ள மாமாவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. முழங்கால் என்ன சொல்கிறது? தபால் தவறியதா? போன் செய்தேன், நீங்கள் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் கேட்டதில் தப்பு இருந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


ஆகஸ்ட் 29

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

நான் ஜெராக்ஸ் கடை. பெரியவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில், மூன்று தடவை கூப்பிடாமல் திரும்பியதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியைப் படித்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்விட்டார், குடையை மறந்துவிட்டு. அதற்கப்புறம் ஆறு தடவை வந்தார். ஸ்டூலில் உட்காருவார். "எழுதும்மா" என்பார். நான் "அன்புள்ள மருமகளுக்கு" என்று எழுதுவேன். அப்புறம் ஒன்றும் வராது. யாராவது நகல் எடுக்க வருவார்கள், இவர் கிளம்பிவிடுவார். அந்தத் தாள்கள் ஆறு என்னிடம் இருக்கின்றன. ஆறிலும் அந்த ஒரு வரிதான்.

நேற்று நானே கேட்டேன். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க பெரியவரே" என்றேன். அவர் சொன்னார்: "உங்களுக்கு என்னம்மா, ஒரு ரகசியம்னா நீங்களே எழுதி நீங்களே ஒட்டி அனுப்பிடலாம். நான் என் பொண்ணுகிட்ட சொல்லணும்னா முதல்ல உங்ககிட்ட சொல்லணும். உங்க கடையில நாளைக்கும் நான் உக்காரணும்."

எனக்கு அதுவரை இது தோன்றவே இல்லை டீச்சர். ஆறு வருஷமாக அவருக்கு எழுதுகிறேன். போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்றேன், மெஷின் குரலை வைத்துக்கொள்ளும், வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை மதியம் கடைக்கு அரை ஷட்டர் போடுகிறேன், வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வந்தால் எழுதுவேன். அவசரப்படுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமாவின் கையெழுத்து


செப்டம்பர் 10

அன்புள்ள மருமகளுக்கு,

அரை ஷட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறோம். ஜெராக்ஸம்மா மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார், நான் மெதுவாகப் பேசினால் போதும் என்று.

நீ கேட்டாயே, தப்பு செய்யாதவருக்குத் தண்டனை கிடைத்ததைப் பார்த்தீர்களா என்று. பார்க்கவில்லை. நானே வாங்கிக் கொடுத்தேன்.

பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் சைக்கிள் பழுது பார்க்கிற ஒருவர் இருந்தார். கடிகாரக் கடைக்காரரை அடித்துவிட்டுக் கடிகாரங்களை எடுத்துப் போனதாக அவர் மேல் வழக்கு. அந்த நேரத்தில் அவர் வேறு தெருவில், துணி தேய்க்கிற ஒரு பெண்ணின் தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல அந்தப் பெண் ஒருத்திதான் சாட்சி. அன்றைக்குப் பட்டியலில் ஏழு பெயர். அவள் பெயர் ஏழாவது.

ஊர் முழுக்கப் பாலம் திறப்பு பார்க்கப் போயிருந்தது. கோர்ட் வெறிச்சென்று கிடந்தது. ஹாலில் ஜட்ஜ் ஐயா, குமாஸ்தா, இரண்டு வக்கீல்கள், கூண்டில் சைக்கிள்காரர். கடைசி வரிசையில் அவர் சம்சாரம், உட்காராமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று எனக்கு ஓர் அவசரம் இருந்தது. ▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬▬ ஏழாவது பெயரை ஹால் வாசலில் ஒருமுறை சொன்னேன். கூப்பிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயசைத்தேன். படித் தலைப்புக்குப் போகவில்லை. கேட்டுக்குப் போகவில்லை. உள்ளே வந்து, "மூணு தடவை கூப்பிட்டாச்சுங்க, ஆள் இல்லை" என்றேன். ஜட்ஜ் ஐயா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் வார்த்தையை அவர் அவ்வளவு நம்பினார். எழுதிக்கொண்டார். சாட்சி முடிந்தது.

அத்தோடு போயிருந்தால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். நான் வெளியே ஓடும்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தை அழுததால் காவலர் உள்ளே விடவில்லை. என் டவாலிச் சிவப்புப் பட்டையைப் பார்த்து ஓடி வந்தாள்.

"ஐயா, என் பேரு இன்னும் வரலையே. எப்ப கூப்பிடுவீங்க?"

திரும்பிப் போயிருக்கலாம். படி ஏறினால் இரண்டு நிமிஷம். ஜட்ஜ் ஐயா இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் சொன்னது என்ன தெரியுமா? "நாளைக்கு வாம்மா."

சைக்கிள்காரருக்கு அன்றே நாலு வருஷம் கிடைத்தது. வெளியே வந்து மறுபடி அதே இடத்தில் கடை போட்டார். என்னைப் பார்த்தால், "வணக்கம் டவாலி ஐயா" என்பார், நான் அவருக்கு ஏதோ நல்லது செய்தவன் போல. எட்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சொல்லவில்லை.

இதுதான் நான். வகுப்புப் பலகையில் எழுதியிருக்கிறதை அழித்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா

(டீச்சர், அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை. எழுதிய ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னார். அடியில் எழுத்து தெரியக் கூடாது என்றார். கடையில் இருந்ததிலேயே தடித்த பேனாவால் அடித்தேன். முடிந்ததும் அவரே ஷட்டரைத் தூக்கிவிட்டார். மறுநாளும் வந்தார். நான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன்.)


அக்டோபர் 12

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு மாதம் பதில் எழுதவில்லை. வேலை அதிகம் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

முதல் வாரம் உங்கள் மேல் கோபம். கடிதத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். வகுப்பில் யாரிடமும் சொல்லவில்லை. பலகை மூலையில் இருந்ததை அழித்தேன்.

அப்புறம் அந்தக் கறுப்பாக அடித்த வரியைப் பற்றி யோசித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் எது சொல்லப்படவில்லை என்று பார்க்கச் சொல்லித் தருகிறவள் நான். என்னிடமே ஒரு வரியை அடித்து அனுப்புகிறீர்கள்.

அம்மா இருந்தவரை என் பிறந்தநாளுக்கெல்லாம் ஒரே கதைதான் சொல்வாள். நீ பிறந்த அன்று ஊரே பாலம் திறப்புக்குப் போய்விட்டது, வண்டி இல்லை, ஆள் இல்லை, மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள், அப்போது என் அண்ணன்தான் சிவப்புப் பட்டையோடு தெருவில் ஓடி வந்தார், என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்பாள். அவர் வர இன்னும் கால்மணி ஆகியிருந்தால் நானும் இல்லை, நீயும் இல்லை என்பாள்.

எனக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தீர்கள். இது என் தலையில் பாரமாக ஏறும் என்று. ஏறத்தான் செய்தது மாமா, ஒரு வாரம் இருந்தது. பிறகு இறக்கி வைத்தேன். ஓடி வந்ததற்கு நான் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அது என்னால் முடியாது. ஆனால் மறுநாள் நான் தொட்டிலில் இருந்தேன், அம்மா பிழைத்துவிட்டாள், கோர்ட்டும் திறந்திருந்தது. மறுநாளைக்கு நான் காரணம் இல்லை. அது உங்களுடையது. அதற்குப் பிறகு வந்த நாட்களும்.

அந்தக் கொலைக்கதை முழுப் புத்தகமும் கிடைத்தது. நானூறு பக்கம். செய்தது தம்பி மகன்தான். படி துடைத்தவள் அதற்கப்புறம் ஓர் இடத்திலும் வரவில்லை. எழுதியவரே அவளை மறந்துவிட்டார்.

நீங்கள் மறக்கவில்லை. அந்தத் தேய்ப்புக்காரம்மா இருக்கிறாரா? நீங்கள் இதை என்னிடம் சொன்னீர்கள். முதலில் கேட்க வேண்டியவள் நான் இல்லையே.

நாற்காலி இங்கேயேதான் இருக்கிறது. நான் எங்கும் தூக்கி வைக்கவில்லை.

உங்கள்,
வாலு


அக்டோபர் 24

அன்புள்ள மருமகளுக்கு,

சுகம். உன் கடிதத்தை ஜெராக்ஸம்மா முதல் தடவையாக மெதுவாகப் படித்தார். காதில் ஒன்றும் விழவில்லை. பிறகு எழுந்துபோய் ஷட்டரை இறக்கிவிட்டு உரக்கப் படித்தார்.

இருக்கிறாள். இங்கேதான், மருந்துக்கடைச் சந்து முனையில். தள்ளுவண்டி போய் ஒரு சின்ன அறை வந்துவிட்டது. மகள் தேய்க்கிறாள், அம்மா மடித்து அடுக்குகிறாள். எப்படித் தெரியும் என்கிறாயா? நாற்பத்தெட்டு வருஷமாக அந்தச் சந்தில் நான் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன். மழை பெய்தால்கூட எதிர்ப்பக்கம்தான்; அங்கே ஒதுங்க இடமே கிடையாது.

போகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயிரம் பேர் நடுவில் பெயர் கூப்பிட்ட தொண்டை இது. அங்கே போய் நின்றால் என்ன வரும் என்று தெரியவில்லை.

நீ டிசம்பரில் வருவதாக முன்பு சொன்னாய். சேர்ந்து போகலாமா?

மாமா


நவம்பர் 3

அன்புள்ள மாமாவுக்கு,

டிசம்பர் பதினெட்டாம் தேதி வருகிறேன். சீட்டு எடுத்தாகிவிட்டது. ஆனால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், என் முகத்துக்காக அவர்கள் உங்களிடம் கோபத்தை அடக்கிப் பேசுவார்கள். அது சரியில்லை.

கால் ஜாக்கிரதை. சாலையைப் பார்த்துக் கடந்து போங்கள்.

வாலு


நவம்பர் 18

அன்புள்ள மருமகளுக்கு,

நலம் விசாரிப்பையும் கட்டைவிரலையும் இந்தத் தடவை மேலேயே வைத்துவிட்டேன். கடைசியில் எனக்கு ஞாபகம் இருக்காது. நீ சுகமா? நான் சுகம்தான்.

நேற்று காலை பத்து மணிக்குப் போனேன். ஜெராக்ஸம்மா கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். சந்து முனைவரை வந்து, கம்பத்தில் ஒட்டியிருந்த ஏதோ நோட்டீஸைப் படிப்பதுபோல் நின்றுகொண்டார். அந்த நோட்டீஸை அரைமணி நேரம் படித்தார்.

தேய்ப்புக்காரம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். சட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்து, "கோர்ட்டு ஐயா" என்றாள். மகளிடம், "அந்த ஸ்டூலை எடுத்துப் போடுடி" என்றாள். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீங்க நேரத்துக்குத்தான் வந்தீங்கம்மா. நான்தான் உங்களைக் கூப்பிடல. கூப்பிட்டேன்னு உள்ள போய்ப் பொய் சொன்னேன்."

இதைத்தான் சொல்ல முடிந்தது. பாலத்தையும் உன் அம்மாவையும் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அது காரணம் சொல்வதாகிவிடும்.

மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அப்ப நான் லேட்டு இல்லையா?" என்றாள்.

இல்லை என்றேன். திரும்பவும் அதையே கேட்டாள். திரும்பவும் சொன்னேன். அவள் மறுநாளும் போயிருக்கிறாள், அதற்கு மறுநாளும் போயிருக்கிறாள். வழக்கு முடிந்துவிட்டது, நீ வந்திருக்க வேண்டிய நேரத்துக்கு வரவில்லை என்று காவலர் சொல்லி அனுப்பிவிட்டார். முதல் நாள் வரும் வழியில் இரண்டு இடத்தில் நின்று குழந்தைக்குப் பால் கொடுத்தாளாம். அதனால்தான் தன் பெயர் கூப்பிட்ட நேரம் தப்பிவிட்டது, ஒரு மனுஷன் ஜெயிலுக்குப் போய்விட்டான் என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்போது அந்த மகள் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அவள்தான் அந்தக் கைக்குழந்தை. உன்னைவிட ஆறு மாதம் மூத்தவளாக இருப்பாள். என்னிடம் குரலை உயர்த்தவில்லை. "நான் பால் குடிக்க அழுததாலதான் சைக்கிள்காரர் உள்ள போனாருன்னு கேட்டுக் கேட்டு வளந்தவ நான். எங்கம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழும். நீங்க எதிர்ப்பக்கம் போறதை நான் தினமும் பாத்திருக்கேன். ரொம்ப மரியாதையான மனுஷன், தலையக் குனிஞ்சே போறாருன்னு நெனச்சேன்" என்றாள்.

உன் தலையில் ஏறக் கூடாது என்று நான் ஒரு வரியை அடித்தேன். அதே பாரம் இங்கே ஒரு பிள்ளையின் தலையில் நாற்பத்தெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது. அவள் வேறு துணியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். ஒரு சுருக்கம் விடாமல் தேய்த்தாள்.

மன்னித்தேன் என்று தேய்ப்புக்காரம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்டாள். சைக்கிள்காரர் வீட்டில் அவளோடு பேச்சில்லை. அவள் வேண்டுமென்றே வராமல் இருந்துவிட்டாள் என்று அங்கே நினைப்பு. ஒரே கடையில் எதிரெதிரே நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். "நான் போய்ச் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க வந்து சொல்வீங்களா ஐயா?" என்றாள்.

வருகிறேன் என்றேன். வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் போகிறோம். மகள் கடையைப் பூட்டிவிட்டுத் தானும் வருவதாகச் சொல்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் போவேன்.

வீட்டுக்கு வந்து அன்று அந்த கோர்ட்டில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஜட்ஜ் ஐயா போய் இருபது வருஷம் ஆகிறது. குமாஸ்தா அதற்கு முன்பே போய்விட்டார், கண் தெரியாமல். சைக்கிள்காரரின் வக்கீல், வேலையை விட்ட மறுமாதமே. எதிர்த் தரப்பு வக்கீல் போன வருஷ மழையில். கேட்டில் நின்ற காவலர் எப்போது போனார் என்றுகூடத் தெரியவில்லை. கூண்டில் நின்றவர் எட்டு வருஷத்துக்கு முன்னால். என்னை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் அன்று பாதியில் ஓடிவிட்டவன். கடைசிவரை அங்கே நின்று தீர்ப்பைக் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாளே, சைக்கிள்காரர் சம்சாரம். வியாழக்கிழமை அவள் வாசலில்தான் போய் நிற்கப் போகிறேன்.